எதிரே வரும்போது

மாதேஷ் விமானத்தைத் தரவில்லை.
ரிமோட்டை மட்டும் தந்தான், ஒரு கேபிளோடு.
'முதல்ல கம்ப்யூட்டர்ல விழுங்க.
விழுந்து அலுத்த பிறகு சொல்லுங்க.'

நைட் டூட்டி முடிந்து
சூரமங்கலம் வீட்டில் காலை ஒன்பதரை.
குக்கர் மூன்று விசில் அடிக்கும் வரை பறக்கலாம்.
திரையில் எந்த ஊரென்று தெரியாத புல்வெளி.
அங்கே மாடு மேய்வதில்லை,
கேரி பேக் பறப்பதில்லை.
காற்றுக்கு ஒரு பட்டை உண்டு,
இழுத்தால் வீசும், தள்ளினால் நிற்கும்.
சேலத்து வெயிலில் கிடப்பவளுக்கு
இது ஒன்றே போதும்.

போகும்போது சிக்கலில்லை.
முதுகைக் காட்டிப் போகிற விமானம்
சொன்ன பேச்சைக் கேட்கிறது.
திரும்பி என்னைப் பார்த்து வரும்போதுதான்
அதன் இடம் என் வலமாகிறது.
கட்டைவிரல் ஒரு நொடி யோசிக்கிறது.
அதற்குள் புல்லில் புகை.

வெட்கக்கேடு.
பதினோரு வருஷமாய் என் பிழைப்பே இதுதானே.
பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்
வருகிறவர்களின் இதயமெல்லாம்
எனக்கு வலப்பக்கம்.
இடது குறியை ஒருநாளும்
மாற்றி வைத்ததில்லை இந்தக் கை.
ஆனால் எலும்பு, நில் என்றால் நிற்கும்.

விழுந்தால் ஒரு பட்டன்.
அமுக்கினால் நொறுங்கியதெல்லாம் கூடி
ஓடுபாதையில் பளபளவென்று நிற்கிறது,
ஒன்றும் நடக்காத முகத்தோடு.
அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை.
நூற்று எழுபதுக்கு மேல் எண்ணவில்லை.
ஒருமுறை கரண்ட் போனது,
விமானம் வானத்தில் இருக்கும்போதே.
அது மட்டும் விழவில்லை என்று
கணக்கு எழுதிக்கொண்டேன்.

மாதேஷ் வாட்ஸப்பில் அனுப்பினான்:
'இடம் வலம் பாக்காதீங்க.
எந்த றெக்கை தாழுதோ
அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்க.
முட்டுக் கொடுக்கற மாதிரி.'

முட்டு என்றால் புரியும்.
மறுநாள் நேரே என் நெற்றிக்கு வந்து
தலைக்கு மேலே போனது.
குக்கர் ஏழாவது விசிலில் தீய்ந்துகொண்டிருந்தது.

மார்கழி ஞாயிறு. இளம்பிள்ளைக்கு இந்தப் பக்கம்,
கஞ்சமலை அடிவாரம், கடலை பிடுங்கிய காடு.
மாதேஷ் ஓடி எறிந்தான்.
யாரும் பட்டையை இழுக்காமலே
மலை இடுக்கிலிருந்து காற்று வந்தது.
திருப்பினேன். எதிரே வந்தது.
இட... இல்லை.
தாழ்ந்த றெக்கை. முட்டு.
நிமிர்ந்தது.
மூச்சை விடுங்க என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

நாலு சுற்று. ஐந்தாவதில் சூரியன்.
மலை விளிம்பைத் தாண்டிய வெளிச்சத்துக்குள்
விமானம் நுழைந்தது.
வெளியே வந்ததை இருவரும் பார்க்கவில்லை.
கட்டைவிரல் தானாகப் பட்டனைத் தேடியது.

கம்ப்யூட்டரில் நின்ற இடத்தை விட்டு
நான் நகர்ந்ததே இல்லை.
இப்போது வாய்க்கால், முள்வேலி,
அதற்கப்பால் மரவள்ளிக் காட்டுக்காரர் செங்கோடன்.
'என்னம்மா உழுந்துச்சு?'
'ஏரோப்ளேனுங்க.'
'உள்ள ஆளுக ஆராச்சும் இருந்தாங்களா?'
'இல்லீங்க.'
'அப்பச் செரி. செடிய ஒடிக்காமப் போங்க.'

தலைக்கு மேல் இலை.
சுடிதார் முழுக்க நாயுருவி.
மாதேஷின் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றே
தெரியவில்லை.
ரிமோட் இன்னும் கழுத்தில் தொங்கியது.
குச்சியை அங்கும் இங்கும் ஆட்டினேன்.
நின்று கேட்டேன்.
நாலடி தள்ளிப் போய் மறுபடி ஆட்டினேன்.

பத்து வரிசைக்கு அப்பால், தரையோரம்,
க்ர்ர்க், க்ர்ர்க் என்று
றெக்கையின் மடல்
இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம்
அசைந்துகொண்டிருந்தது.